நகர மதிலும் திராட்சை மதுவும்: பாரிஸ், வியன்னா நகரங்களின் மது உலாக்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐரோப்பிய நகரங்களைக் காணச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளுக்கு இன்று விற்கப்படும் பண்டங்களுள் திராட்சை மது உலாவும் ஒன்றாகும். பிரயாணி நகருக்கு வெளியேயுள்ள தோட்டமொன்றுக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். அங்கே கொடிகளையும் நிலவறையையும் பீப்பாய்களையும் காண்கிறான்; நாலைந்து கிண்ணங்களில் ஊற்றப்படும் மதுவைச் சிறிது சிறிதாகச் சுவைக்கிறான்; வழிகாட்டி கூறும் பழங்கதைகளைக் கேட்கிறான்; மாலையில் நகருக்கு மீள்கிறான். இது தொன்றுதொட்டு வரும் மரபு என்று விளம்பர ஏடுகள் கூறுகின்றன. மரபு என்று சொல்லப்படும் எதனையும் அவ்வாறே ஏற்றுக்கொள்ளாது, அதன் தோற்றுவாயைத் தேடுவது வரலாற்று மாணவரின் கடமையாகும். நகர மக்கள் மதுவைத் தேடி நகரை விட்டு வெளியேறத் தொடங்கியது எப்போது? அவர்களை வெளியே ஈர்த்தது எது? அவ்வுலாவினால் பயன்பெற்றவர் யார், இழந்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுவின் சுவையோ நாட்டுப்புறத்தின் எழிலோ இவ்வழக்கத்தின் பிறப்புக்கு முதற் காரணம் அன்று. நகர வாயிலில் அறவிடப்பட்ட வரியே அதற்கு அடித்தளமிட்டது. வரி எல்லை எங்கே முடிந்ததோ அங்கே மது மலிந்தது. மது மலிந்த இடத்துக்கு மக்கள் நடந்தனர். அந்நடையே காலப்போக்கில் ஞாயிறு உலாவாகவும், பின்னர் நகரத்தின் பண்பாட்டு அடையாளமாகவும், இறுதியில் விலைக்கு விற்கப்படும் அனுபவமாகவும் உருமாறிற்று. பாரிஸ், வியன்னா ஆகிய இரு நகரங்களின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. நம் நாட்டில் முந்திரிகை என வழங்கும் கனியையே ஈண்டுத் திராட்சை எனக் குறிப்பிடுகிறோம். மது விற்கப்படும் இடத்தைக் குறிக்கத் தவறணை என்னும் சொல்லைக் கையாளுகிறோம். போர்த்துக்கீசர் வழியாக நம்மிடம் வந்த இச்சொல், நாம் ஆராயவிருக்கும் ஐரோப்பிய நிறுவனத்தின் பெயரே என்பதால் இங்கு முற்றிலும் பொருந்துவதாகும்.

பாரிஸ்: வாயில் வரியும் வெளிப்புறத் தவறணையும்

பாரிஸ் நகரைச் சூழ்ந்த குன்றுகளில் மத்திய காலந்தொட்டே திராட்சை பயிரிடப்பட்டது. இன்று நகரின் உட்பகுதிகளாக விளங்கும் மொன்மாத்ர, பெல்வீல் முதலிய இடங்கள் ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த கிராமங்களாகும். அத்தோட்டங்களின் தலைவிதியை மாற்றிய ஆணையொன்று 1577 ஆம் ஆண்டில் பிறந்தது. நகரின் மது வணிகரும் தவறணைக்காரரும் தமக்கு வேண்டிய மதுவை நகரிலிருந்து இருபது லீக் தொலைவுக்குள், அதாவது ஏறக்குறைய 88 கிலோமீற்றருக்குள், கொள்வனவு செய்தலாகாது எனப் பாரிஸ் பாராளுமன்றம் என வழங்கிய உயர் நீதிமன்றம் தடைவிதித்தது. வணிகர் தொலைதூரப் பிரதேசங்களிலிருந்து மதுவைக் கொண்டுவருவர். அண்மைத் தோட்டங்களின் விளைச்சல் தோட்ட உரிமையாளராலேயே நகருக்கு வழங்கப்படும் என்பது இவ்வாணையின் எதிர்பார்ப்பாகும்.

விளைவு வேறாயிற்று. நகருக்குள் இருந்த தவறணைக்காரரைக் கட்டுப்படுத்திய ஆணை, நகருக்கு வெளியே இருந்தோரைத் தீண்டவில்லை. அவர்கள் அருகிலிருந்த தோட்டங்களின் மதுவைத் தாராளமாக வாங்கி விற்றனர். பிரான்சியத் திராட்சை வரலாற்றை விரிவாக எழுதிய றொஜே டியோன் இத்தொடர்பினைச் சிறப்பாக எடுத்துக்காட்டியுள்ளார். வெளிப்புறத் தவறணைகளின் வாடிக்கையாளர் வறியவராதலின், அவர்களுக்கு வேண்டியது தரமான மது அன்று, மலிவான மதுவே. ஆகவே பாரிசைச் சூழ்ந்த கமக்காரர், குறைந்த விளைச்சலும் உயர்ந்த தரமும் உடைய கொடிகளைக் கைவிட்டு, மிகுந்த விளைச்சல் தரும் கொடிகளை நடலாயினர். ஒரு சட்டம் ஒரு நிலப்பரப்பின் பயிரையே மாற்றிவிட்டது. அங்கு விளைந்த புளிப்பான இளமதுவுக்கு வழங்கிய பெயரிலிருந்தே கெங்கெத் என்னும் சொல் வந்தது என்பர். நகர வாயிலுக்கு வெளியே, தோட்டமும் ஆடுகளமும் கொண்டு விளங்கிய மலிவுத் தவறணையே கெங்கெத் எனப்பட்டது.

சட்டத்தினும் வலிமை வாய்ந்த காரணி வரியாகும். நகருக்குள் கொண்டுவரப்படும் ஒவ்வொரு பீப்பாய் மதுவுக்கும் வாயிலில் நுழைவு வரி செலுத்த வேண்டியிருந்தது. இவ்வரி மதுவின் பெறுமதிக்கேற்ப அமையாது, அதன் அளவுக்கேற்ப அமைந்தது என்பதே ஊன்றி நோக்கற்பாலது. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு பீப்பாய்க்கு வரி 50 நாணயம் எனக் கொள்வோம். பிரபுவின் மாளிகைக்குச் செல்லும் 500 நாணயப் பெறுமதியான மதுவுக்கு அவ்வரி பத்திலொரு பங்கு. தொழிலாளி அருந்தும் 50 நாணயப் பெறுமதியான மதுவுக்கோ அவ்வரி அதன் விலையை இருமடங்காக்கிவிடும். எனவே வரியின் சுமை வறியவர் மீதே முழுமையாக இறங்கிற்று. வாயிலைக் கடந்து சில நூறு அடி நடந்தால் அச்சுமை நீங்கிவிடும். அந்தச் சில நூறு அடி நடையே நாம் ஆராயும் மது உலாவின் தொடக்கமாகும்.

ஞாயிறு தோறும், பண்டிகை நாள் தோறும், சில தொழில்களைச் செய்வோர் திங்களன்றும், கூட்டங்கூட்டமாக வாயில்களைக் கடந்தனர். நகரத்துக்குள் இருந்த தவறணைகள் பெரும்பாலும் ஆடவர் கூடும் இடங்களாக இருக்க, வெளிப்புறத் தவறணைகளுக்குக் குடும்பமாகச் செல்லும் வழக்கம் வளர்ந்தது. அங்கே மரநிழலும் இசையும் நடனமும் இருந்தன. அக்கால ஒழுக்க நூலாரும் பொலிஸ் அதிகாரிகளும் இவ்விடங்களைச் சீர்கேட்டின் உறைவிடங்களாகவே சித்திரித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் தவறணைகள் பற்றிய நீதித்துறை ஆவணங்களை ஆராய்ந்த தோமஸ் பிறெனன் வேறொரு சித்திரத்தைத் தருகிறார். அங்கே கூடியோருள் பெரும்பாலோர் தொழில் செய்து வாழ்ந்தவர். நண்பரைச் சந்திக்கவும், கொடுக்கல் வாங்கல் பேசவும், தம் மதிப்பை நிலைநாட்டவும் அவர்கள் அவ்விடங்களைப் பயன்படுத்தினர் என்பது அவர் ஆய்வாற் புலனாகிறது. எழுதுகோல் ஏந்தியோர் கண்ட பாரிசும், கிண்ணம் ஏந்தியோர் வாழ்ந்த பாரிசும் ஒன்றல்ல.

இக்காலத்து வெளிப்புறத் தவறணைக்காரருள் புகழ்பெற்றவர் ஜான் றம்பொனோ ஆவார். பெல்வீல் குன்றின் அடிவாரத்திலிருந்த கூர்தீ என்னுமிடத்தில் அவரது தவறணை அமைந்திருந்தது. ஏனையோரைவிட ஒரு சூ நாணயம் குறைத்து மதுவை விற்றமையே அவர் செய்த புதுமை. அந்த ஒரு சூ அவரைப் பாரிசெங்கும் அறியச் செய்தது. 1760 அளவில் அவர் பெயர் ஒரு நாகரிகமாகவே மாறிற்று. பொருட்களுக்கும் உடைகளுக்கும் அவர் பெயர் இடப்பட்டது. நாடக மேடையில் தோன்ற ஒப்பந்தம் செய்துவிட்டுப் பின்னர் சமயக் காரணங்காட்டி அவர் மறுத்தபோது எழுந்த வழக்கு, வோல்ற்றேர் அவரைப் பற்றி ஓர் அங்கதம் எழுதும் அளவுக்குப் பேசப்பட்டது. உயர்குல மக்களும் வேடிக்கை பார்க்க அங்கு வந்தனர். இங்கு ஒரு திருப்பத்தை நாம் அவதானிக்க வேண்டும். வறியவர் மலிவைத் தேடி வந்த இடத்துக்குச் செல்வர் வறியவரைப் பார்க்க வந்தனர். மதுவைக் குடிப்பதற்கன்றி, மது குடிக்கும் இடத்தைக் காண்பதற்கென்றே ஒருவர் செல்லும் பிற்கால உல்லாசப் பயணத்தின் முளையை நாம் இங்கேயே காண்கிறோம்.

மதிலும் புரட்சியும்

வெளிப்புறத் தவறணைகள் செழித்தமை அரசின் வருமானத்தைப் பாதித்தது. அரசுக்காக வரி அறவிடும் உரிமையைக் குத்தகைக்குப் பெற்றிருந்த செல்வர் குழாம் இதற்குப் பரிகாரம் தேடிற்று. நகரைச் சுற்றி மதிலொன்றை எழுப்பி, கடத்தலைத் தடுத்து, வாயில்தோறும் வரிமனைகளை அமைக்கலாம் என்னும் யோசனையை முன்வைத்தவருள் முதன்மையானவர், நாம் இரசாயன நூல்களில் நன்கறிந்த இலவோசியர் ஆவார். அவரும் வரிக் குத்தகையாளருள் ஒருவரே. 1780களின் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை, ஏறக்குறைய 24 கிலோமீற்றர் நீளமான மதிலாக உருப்பெற்றது. கட்டடக் கலைஞர் லெது வரிமனைகளைக் கிரேக்க, உரோமக் கோயில்களை நினைவூட்டும் கம்பீரமான மண்டபங்களாக அமைத்தார். பகைவரைத் தடுப்பதற்காகவன்றி, மதுவும் இறைச்சியும் விறகும் வரியின்றி நுழைவதைத் தடுப்பதற்காகவே எழுந்த மதில் இது.

இம்மதில் முன்னைய வரி எல்லைக்கு வெளியே அமைந்தமையால், அதுவரை நகருக்கு வெளியே இருந்த பல தவறணைகள் ஒரே நாளில் நகருக்குள் அடங்கின. அவற்றின் மலிவு மறைந்தது, உரிமையாளர் நட்டமடைந்தனர். மக்கள் இன்னும் தொலைவு நடக்க வேண்டியதாயிற்று. மதிலின் அடியில் நிலத்தடி வழிகளை அமைத்து மதுவைக் கடத்தும் தொழிலும் வளர்ந்தது.

1789 ஆம் ஆண்டு யூலை மாதம் 14 ஆந் திகதி பஸ்ரில் சிறை தகர்க்கப்பட்டதை அறியாத மாணவர் இலர். அதற்கு முந்திய சில நாட்களில் பாரிஸ் மக்கள் வேறொன்றைத் தாக்கினர் என்பதைப் பலர் மனங்கொள்வதில்லை. அவர்கள் தீயிட்டது நகர வாயில்களிலிருந்த வரிமனைகளையாகும். அவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்டவை எரிந்தன. புரட்சிக் காலக் கூட்டங்களை ஆராய்ந்த ஜோர்ஜ் றூடே, இத்தாக்குதலில் மது வணிகருக்கும் கடத்தற்காரருக்கும் இருந்த பங்கினைச் சுட்டியுள்ளார். அரசியற் சிந்தனையாளரின் நூல்கள் புரட்சிக்கு மொழியை வழங்கின எனலாம். ஆயினும் ஞாயிற்றுக்கிழமையின் ஒரு கிண்ண மதுவுக்கு இருமடங்கு விலை கொடுத்தவனின் கோபமும் அப்புரட்சியின் ஒரு பகுதியே என்பதை மறத்தலாகாது.

தேசிய மன்றம் நுழைவு வரியை நீக்கிற்று. 1791 மே முதலாந் திகதி மது ஏற்றிய வண்டிகள் வரியின்றி நகருள் நுழைந்தன. மக்கள் அதனைக் கொண்டாடினர். மூன்றாண்டுகளின் பின், 1794 மே 8 ஆந் திகதி, இலவோசியரும் ஏனைய வரிக் குத்தகையாளர் பலரும் கொலைக்களம் கண்டனர். வரிக் குத்தகையாளர் மறைந்தனர், மதில் நின்றது. பணத்தேவையால் நெருக்குண்ட புரட்சி அரசே 1798 இல் வாயில் வரியை மீண்டும் கொணர்ந்தது. இம்முறை அது ஏழைகளுக்கான அறப்பணிகளின் பெயரால் அறவிடப்பட்டது. ஏழைகளுக்கு உதவுவதற்காக ஏழைகளின் மதுவுக்கு வரி விதித்த முரண்பாட்டை வரலாறு அமைதியாகப் பதிந்துவைத்துள்ளது.

எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மது உலா புத்துயிர் பெற்றது. மதிலுக்கு வெளியே பெல்வீலும் மொன்மாத்ரவும் தவறணைகளால் நிறைந்தன. தவக்காலம் தொடங்கும் சாம்பற் புதன் காலையில், இரவெல்லாம் குடித்து ஆடியோர் முகமூடிகளுடன் பெல்வீல் குன்றிலிருந்து நகருக்குள் இறங்கிய ஊர்வலம், 1830களில் நகரின் பெரும் வேடிக்கைகளுள் ஒன்றாயிற்று. வெளியூரிலிருந்து பாரிசைக் காண வந்தோரும் அதனைக் காணத் தவறவில்லை. மதிலுக்கு வெளியே, சேன் நதிக்கரையிலிருந்த பெர்சியில், வணிகர் வரி செலுத்தாது மதுவைச் சேமித்துவைத்த பண்டசாலைகள் பெருகின.

1860 ஆம் ஆண்டு இந்நிலைக்கு முடிவு கட்டிற்று. சூழவிருந்த ஊர்கள் பாரிசுடன் இணைக்கப்பட்டன. வரி எல்லை வெளியே தள்ளப்பட்டது. பழைய மதில் இடிக்கப்பட்டது. பெல்வீலின் மலிவு ஒரு கையொப்பத்தால் மறைந்தது. அதே காலத்தில் புகையிரதம் இரு வேறு மாற்றங்களை விளைத்தது. ஒருபுறம், தென் பிரான்சின் மலிவான மதுவைப் பெருந்தொகையாகப் பாரிசுக்குக் கொண்டுவந்தது. இப்போட்டியினாலும், நூற்றாண்டின் பிற்பகுதியில் கொடிகளின் வேரை அழித்த பூச்சியினாலும், நகர விரிவினாலும் பாரிசைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. மறுபுறம், புகையிரதம் நகர மக்களை முன்னர் நடந்து அடைய முடியாத தொலைவுக்குக் கொண்டுசென்றது. 1859 இல் பஸ்ரிலிலிருந்து கிழக்கு நோக்கித் திறக்கப்பட்ட பாதை, மார்ன் நதிக்கரையின் நொஜான், ஜுவான்வீல் ஆகிய ஊர்களை ஞாயிறு உலாவின் இலக்குகளாக்கிற்று. மேற்கே சேன் நதிக்கரையிலுள்ள சத்து என்னும் ஊரின் உணவகமொன்றிலேயே றெனுவார் 1880-81 இல் படகோட்டிகளின் விருந்து பற்றிய தம் புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டினார். அவ்வோவியத்தின் மேசை மீதுள்ள மதுப் போத்தல்களைக் கண்டு களிப்போர், அம்மேசைக்கு அம்மக்களைக் கொண்டுவந்த பாதையை எண்ணிப் பார்ப்பதில்லை.

கெங்கெத் இப்போது தன் அடிப்படையை இழந்துகொண்டிருந்தது. அதனைச் சூழத் திராட்சைத் தோட்டம் இல்லை. அதன் மது தொலைவிலிருந்து வந்தது. எஞ்சியவை ஆறும் இசையும் நடனமுமே. 1936 இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்கு ஆண்டுக்கு இரு வாரச் சம்பளத்துடனான விடுமுறையையும் வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும் வழங்கியபோது அவ்விடங்கள் மீண்டும் ஒருமுறை களைகட்டின. வேலையற்ற தொழிலாளர் சிலர் அதிர்ஷ்டச் சீட்டில் வென்ற பணத்தைக் கொண்டு கூட்டாக ஆற்றங்கரைத் தவறணையொன்றை அமைக்க முயல்வதைப் பொருளாகக் கொண்ட துய்விவியேயின் திரைப்படம் அவ்வாண்டிலேயே வெளிவந்தமை தற்செயலன்று. தொழிலாளியின் கனவில் அந்த இடம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

வியன்னா: விளைவித்தவன் உரிமை

வியன்னாவின் வரலாறு இதற்கு இணையாகவும் மாறாகவும் அமைகிறது. 1784 ஓகஸ்ட் 17 ஆந் திகதி பேரரசர் இரண்டாம் யோசேப்பு வெளியிட்ட ஆணை, தாம் விளைவித்த உணவுப்பொருட்களையும் திராட்சை மதுவையும் பழமதுவையும் ஆண்டு முழுவதும் தாம் விரும்பிய விலைக்கு விற்கும் உரிமையை எல்லோருக்கும் வழங்கிற்று. தம் மதுவைத் தாமே விற்கும் வழக்கம் திராட்சைக் கமக்காரரிடையே அதற்கு முன்னரும் இருந்ததே. எனினும் பிரபுக்கள் தம் மதுவையே விற்குமாறு தவறணைக்காரரை நிர்ப்பந்தித்த நிலமானிய முறைக்கு இவ்வாணை பெரும் அடியாயிற்று. பாரிசில் வரிமதில் திட்டமிடப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் வியன்னாவில் இவ்வுரிமை வழங்கப்பட்டது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வுரிமையின் வழி வளர்ந்ததே ஹொய்ரிகர் என்னும் நிறுவனம். இச்சொல் இவ்வாண்டுக்குரியது எனப் பொருள்படும். அது புதிய மதுவையும், அம்மது விற்கப்படும் கமக்காரரின் முற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். ஓராண்டின் மது அடுத்த ஆண்டு நவம்பர் 11 ஆந் திகதி வரையே இப்பெயருக்கு உரியது; அதன்பின் அது பழைய மதுவாகிவிடும். மது விற்பனைக்குண்டு என்பதற்கு அடையாளமாக வாயிலில் பச்சைக் கிளையொன்று கட்டப்படும். மது தீர்ந்ததும் கிளை அகற்றப்படும். வருவோர் தம் உணவைத் தாமே கட்டிக்கொண்டு வருவது பழைய வழக்கமாகும். கிரின்சிங், நுஸ்டோவ், நொய்ஸ்ரிவ்ற் முதலிய ஊர்களின் முற்றங்களில் நீண்ட மரமேசைகளில் அரச அலுவலரும் கைவினைஞரும் அருகருகே அமர்ந்தனர்.

ஆயினும் வியன்னாவிலும் வரி எல்லை தன் பங்கைச் செய்தே இருந்தது. 1704 இல் கிளர்ச்சிப் படைகளின் தாக்குதலைத் தடுக்கக் கட்டப்பட்ட வெளியரண், பின்னர் வரி அறவிடும் எல்லையாக மாறிற்று. 1829 இல் புகுத்தப்பட்ட நுகர்வு வரி அவ்வரணில் அறவிடப்பட்டபோது, அதற்கு வெளியேயிருந்த ஊர்களில் குடிப்பது மேலும் மலிவாயிற்று. 1848 மார்ச் மாதத்தில் புரட்சி வெடித்தபோது வியன்னாவின் புறநகர் மக்கள் அவ்வரணிலிருந்த வரிமனைகளைத் தீக்கிரையாக்கினர். 1789 இன் பாரிசும் 1848 இன் வியன்னாவும் ஒரே இலக்கைத் தேர்ந்தெடுத்தன. அன்றாட வாழ்வில் அரசு வறியவனைச் சந்தித்த இடம் அரண்மனை அன்று, வாயில் வரிமனையே.

1892 இல் திராட்சை ஊர்கள் வியன்னாவுடன் இணைக்கப்பட்டன. வரி எல்லை வெளியே நகர்ந்தது. பாரிசின் அனுபவத்தை நோக்கும்போது ஹொய்ரிகரும் அழிந்திருக்க வேண்டும். அது அழியவில்லை. காரணம் வெளிப்படை. பாரிசின் கெங்கெத் ஓர் எல்லைக்கோட்டின் குழந்தை. கோடு நகர்ந்தபோது அது இடம்பெயர்ந்தது, பின்னர் வாடிற்று. வியன்னாவின் ஹொய்ரிகர் ஓர் உரிமையின் குழந்தை. விளைவித்தவன் விற்கலாம் என்பது அவ்வுரிமையாதலின், விற்க விரும்புவோன் விளைவித்தே ஆகவேண்டும். எனவே உலாவும் தோட்டமும் பிரிக்க முடியாதவாறு பிணைக்கப்பட்டன. 1905 இல் நகரசபை நகரைச் சூழ்ந்த காடுகளையும் புல்வெளிகளையும் பேணத் தீர்மானித்தமையும் இதற்குத் துணையாயிற்று. இன்றும் வியன்னா நகர எல்லைக்குள் பல நூறு ஹெக்ரேயர் நிலத்தில் திராட்சை விளைகிறது. ஒரு நாட்டின் தலைநகருக்கு இது அரிய பேறாகும்.

1878 முதல் சிரமல் சகோதரர்களின் இசைக்குழு இம்முற்றங்களுக்கு ஓர் இசைமரபை ஈந்தது. 1874 இல் நுஸ்டோவிலிருந்து காலென்பேர்க் குன்றுக்கு ஏறிய பற்சக்கரப் புகையிரதமும், பின்னர் மின்தண்டூர்திகளும், வெளியூராரையும் அங்கே கொண்டுவந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேருந்துகளும் வந்தன. அப்பேருந்துகளின் வருகை கிரின்சிங்கின் தன்மையை மாற்றிற்று. பிறர் விளைவித்த மதுவை வாங்கிச் சுடுசோற்றுடன் விற்கும் உணவகங்கள் ஹொய்ரிகர் என்னும் பெயரைச் சூடிக்கொண்டன. பெயர் ஒன்றே; உரிமையும் கடப்பாடும் வேறு.

திட்டமிட்ட மரபு: 1930கள்

இதுவரை கூறியவை மக்களின் நடையால் உருவான உலாக்கள். 1930களில் அரசினாலும் வணிகராலும் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட உலா தோன்றுகிறது. உலகப் பொருளாதார மந்தத்தால் திராட்சை மது விலைபோகாத காலம் அது. பிரான்சின் பேகண்டி பிரதேசத்தில் 1934 இல் மது வணிகர் சிலர், மத்திய கால வீரர் சபையொன்றின் சாயலில் அங்கியும் சடங்கும் கொண்ட சங்கமொன்றை நிறுவிப் பிரமுகர்களை விருந்துக்கு அழைத்தனர். பழமை வாய்ந்ததாகத் தோன்றும் அச்சடங்கின் வயது நூறாண்டைக்கூட எட்டவில்லை. விற்க முடியாத சரக்கே அதன் தாய்.

ஜேர்மனியில் இதன் வடிவம் கொடூரமானது. 1935 ஒக்ரோபர் 19 ஆந் திகதி பலற்றினேற் பிரதேசத்தில், ஏறக்குறைய 85 கிலோமீற்றர் நீளமான ஜேர்மன் மதுப்பாதையை நாற்சிக் கட்சியின் பிரதேசத் தலைவர் யோசெப் பியூர்க்கல் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டில் பிரான்சிய எல்லையருகே சுவைகன் என்னும் ஊரில் அப்பாதைக்கு வாயில் கட்டப்பட்டது. அதற்கு முந்திய இரு அறுவடைகளும் மிகுந்திருந்தன. அப்பிரதேசத்தின் மது வாணிபத்தில் பெரும்பங்கு வகித்த யூத வணிகரோ அத்தொழிலிலிருந்து துரத்தப்பட்டுக்கொண்டிருந்தனர். சந்தையை அறிந்தோரைத் துரத்திய பின், தேங்கிய மதுவைக் குடிக்க நகர மக்களைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பாதையும் விழாவும் அதற்கான கருவிகளாயின. ஐந்தாண்டுகள் கழித்து, 1940 ஒக்ரோபரில், பேடன், சார்-பலற்றினேற் பிரதேசங்களில் எஞ்சியிருந்த 6,500 க்கு மேற்பட்ட யூதரைப் பிரான்சின் கூர்ஸ் தடுப்பு முகாமுக்கு நாடுகடத்தியோருள் முன்னின்றவரும் அதே பியூர்க்கல் ஆவார். அம்மதுப்பாதை இன்றும் உண்டு. ஆண்டுதோறும் பெருந்தொகையான பிரயாணிகள் அதன் வழியே செல்கின்றனர். கொடிகள் குற்றமற்றவை, செல்வோரும் குற்றமற்றவரே. ஆனால் அப்பாதை ஏன் போடப்பட்டது என்பதை அறியாது செல்வது, அதிலிருந்து அகற்றப்பட்டோரை இரண்டாம் முறையும் அகற்றுவதாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொழிலாளி வெளியே சென்றது அங்கு மது மலிவாயிருந்தமையால். இருபத்தோராம் நூற்றாண்டுப் பிரயாணி வெளியே செல்வது அங்கு மது அரிதாயும் விலையுயர்ந்ததாயும் இருப்பதால். முன்னவன் வரியைத் தவிர்க்க நடந்தான்; பின்னவன் நுழைவுச் சீட்டு வாங்குகிறான். மலிவைத் தேடிய நடை மதிப்பைத் தேடும் பயணமாயிற்று. இம்மாற்றத்தின்போது நிலவறையும் பீப்பாயும் பச்சைக் கிளையும் பேணப்பட்டன. வரிமனையும், அதற்கு வெளியே தாகத்துடன் நின்றவனும் மறக்கப்பட்டனர்.

பாரிஸ் நகரமே இதற்குச் சான்று பகரும். மொன்மாத்ர குன்றின் தோட்டங்கள் மறைந்தபின், கட்டடங்கள் எழுவதைத் தடுக்கும் பொருட்டு 1933 இல் அங்கே ஏறக்குறைய 1,500 சதுர மீற்றர் நிலத்தில் புதிதாகத் திராட்சை நடப்பட்டது. 1934 முதல் அறுவடை விழா எடுக்கப்படுகிறது. அத்துண்டு நிலத்தின் விளைச்சலை எண்ணும்போது, விழாவுக்கு வருவோரின் தொகை வியப்பூட்டுவதாகும். பெர்சியின் மதுப் பண்டசாலைகளுள் எஞ்சியவை 2001 இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட வீதியாகத் திறக்கப்பட்டன. லெது அமைத்த வரிமனைகளுள் நான்கு இடங்களில் உள்ளவை மாத்திரமே தப்பின. அவற்றுள் வில்லெத்திலுள்ள வட்ட மண்டபம் பிற்காலத்தில் உணவகமாயிற்று. மதுவுக்கு வரி அறவிட எழுந்த மண்டபத்தின் நிழலிலேயே மக்கள் இன்று மது அருந்துகின்றனர். அவ்வரியோ 1940களிலேயே பிரான்ஸ் எங்கும் முற்றாக நீங்கிவிட்டது.

பண்பாட்டு வரலாறு இனிமையானவற்றை மட்டும் தொகுக்கும் கலையாகிவிடும் ஆபத்து எக்காலத்தும் உண்டு. ஆட்டமும் பாட்டும் மதுவும் கலந்த ஒரு பொருளை ஆராயும்போது அவ்வாபத்து இன்னும் பெரிது. அவ்வினிமை பொய்யன்று. ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் மனைவி மக்களுடன் மரநிழலில் அமர்ந்து பெற்ற மகிழ்ச்சியை எவ்வாய்வாளரும் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆனால் அம்மகிழ்ச்சியை அவன் எவ்வளவு தொலைவு நடந்து பெற்றான், அத்தொலைவை வகுத்தவர் யார் என்னும் வினாக்களையும் சேர்த்துக் கேட்கும்போதே அவனுக்குரிய இடம் வரலாற்றில் அவனுக்குக் கிடைக்கும்.